மாத்திரைப் பையோடு ஒரு கேள்வியையும் கொடுத்தனுப்புங்கள்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம். பெரியவர்களின் காதையும் மறதிநோயையும் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கவே இந்த மடல்.

மாதந்தோறும் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு மேல், எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நிற்கும். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். அட்டையில் எழுதிவிட்டு இரண்டு வகை மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பார். "இது காலையில், இது ராத்திரி சாப்பிட்ட பின்பு, சரிங்களா ஆத்தா?" என்று கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டே "சரி கண்ணு" என்பார்.

அவர் சொன்னதில் பாதி அம்மாவின் காதில் விழுந்திருக்காது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அப்பாவின் முகத்தில் அதை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் நாங்கள். இரவும் பகலும் விசைத்தறி ஓடும் ஊர். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் இரவு தூங்க மாட்டார்கள். எங்களுக்கு நேர்மாறு: மின்சாரம் போய்த் தறிகள் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்போம்.

அப்பா 1944இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கைத்தறிக்குத் தார் சுற்ற, அதாவது ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்ற, போனார். 1970களில் விசைத்தறிக்கு மாறினார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. முதலில் நான்கு தறி பார்த்தார், பிறகு ஆறு. ஒரே கூரைக்குக் கீழே இருபத்து நான்கு தறிகளில் ஊடை நூலை இழுத்து ஓடும் நாடா அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். அதனால் பட்டறைக்குள் எல்லாமே கைப்பேச்சுதான். பாவு நூல் தீர்ந்தது என்பதற்கு ஒன்று, டீ வந்துவிட்டது என்பதற்கு ஒன்று, முதலாளி வருகிறார் என்பதற்கு மீசையைத் தொட்டுக் காட்டுவது. சிறுவயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது அதை ஒரு வேடிக்கை விளையாட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறை முழுக்க ஆட்கள் வாய் திறக்காமல் சிரித்துக்கொள்வார்கள்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வருடக்கணக்காக இருந்தால் உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் அழியும். அழிந்தால் மறுபடி முளைக்காது. தறிப்பட்டறைச் சத்தம் 90ஐத் தாண்டும். சத்தத்தால் வரும் காது கேளாமை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் அப்பா வேலை செய்த காலத்தில், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் அது தொழிற்சாலையே இல்லை. இருபத்து நான்கு தறிக்கு ஆறு பேர் போதும். எனவே அப்பாவுக்கு வந்தது தொழில்நோய் இல்லை, வெறும் காது மந்தம்.

அது ஒரே நாளில் வரவில்லை. ஐம்பது வயதை ஒட்டி, அம்மா கத்தியைக் கேட்டால் ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு வருவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சத்தத்தால் கெடும் காதில் முதலில் போவது உச்ச ஒலிகள். உயிரெழுத்தின் ஓசை கேட்கும், மெய்யெழுத்து நழுவிவிடும். கத்தியும் பத்தியும் ஒன்றாகிவிடும். ஆண்களின் தடித்த குரல் கொஞ்சம் கேட்கும், பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் கேட்காது. இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எங்கள் வீட்டுத் தீர்ப்பு வேறு: "வேண்டியது மட்டும் கேட்கும், வேண்டாதது கேட்காது." அதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் பக்கத்தில் டீ குடிக்கும் இடத்துக்குப் பெயர் பேக்கரி. ஷிப்ட் முடிந்து அப்பா அங்கேதான் உட்காருவார். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், நாலு பேர் மறுத்துப் பேசுவார்கள். அப்பாவுக்கு அரசியல் பிடிக்கும். காது மந்தமான பிறகும் கொஞ்ச காலம் போனார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். ஒருநாள் டீ மாஸ்டர் அதை நடித்துக் காட்டினாராம். கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டுக்குத்தான் செய்திருப்பார். 2008வாக்கில் அப்பா பேக்கரிக்குப் போவதை நிறுத்தினார். டீயை வீட்டுக்கே வாங்கி வரச் சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கல்யாண வீடுகளுக்கு அம்மா மட்டும் போனார். தொலைபேசி மணி அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். "வயதாகிவிட்டது, அமைதியாகிவிட்டார்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து மறதி தொடங்கியது. ஒரே கூலிக் கணக்கை நாலு முறை கேட்டார். வேட்டியைத் துவைக்கப் போட்டுவிட்டு யாரோ திருடிவிட்டார்கள் என்றார். 2015இல் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே இன்று என்ன கிழமை, இது எந்த மாதம் என்று கேட்டார். அப்பா சிரித்தார். அதே சிரிப்பு. மருத்துவர் எழுதிக்கொண்டார். கேள்வி அவர் காதில் விழுந்ததா என்று அந்த அறையில் எவரும் சோதிக்கவில்லை, நான் உட்பட. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு இவையும் மறதியைப் போலத் தோன்றும், அவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "வயதானால் இப்படித்தான்" என்று ஒரு சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அதே ஆண்டு வேறோர் இடத்தில் முறையாகப் பார்த்து டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்றார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகளில், நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்து முடிச்சுப் போடுவார். "இழை அறுந்துவிட்டது கண்ணு, தறி நிற்கிறது பார்" என்பார். என் பெயர் மறந்துவிட்டது. ஆனால் அந்த முடிச்சு ஒருநாளும் தப்பியதில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இருட்டிலேயே இழையைத் தேடிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கிள்ளிவிடும். 2019இல் காலமானார்.

நான் உங்களிடம் பேச வந்த விஷயம் இனிமேல்தான்.

டிமென்ஷியா தடுப்பு பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2017இல் ஒன்பது காரணங்களைச் சொன்னது. 2020இல் அவை பன்னிரண்டாயின, 2024இல் பதினான்கு. இந்தப் பதினான்கையும் முழுக்க நீக்க முடிந்தால், உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. குறைந்த கல்வி, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, சர்க்கரை நோய், புகை, இரத்த அழுத்தம், உடல்பருமன், அளவுமீறிய மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு. ஊர் உலகத்துக்கான கணக்கு இது. ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. எனவே அப்பாவுக்குத் தறிச் சத்தத்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. பீடியும் குடித்தார். இரத்த அழுத்தம் இருந்ததும் அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

இந்தப் பட்டியலை நம் பத்திரிகைகளும் மேடைகளும் "வாழ்க்கைமுறைக் காரணங்கள்" என்று தமிழில் தருகின்றன. அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. வாழ்க்கைமுறை என்றால் ஒருவர் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த சட்டையைப் போலத் தொனிக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றது அப்பாவின் வாழ்க்கைமுறையா? முன்பணம் வாங்கியிருந்ததால் வேறு பட்டறைக்குப் போக முடியாமல் அதே சத்தத்தில் முப்பது ஆண்டுகள் நின்றது வாழ்க்கைமுறையா? ஆறு தறிகளுக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நடந்துகொண்டே இருந்த ஒருவரிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று ஒரு முகாமில் துண்டறிக்கை கொடுத்தார்கள். அவர் அதை மடித்துப் பல் குத்தினார்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023இல் வந்தன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். வசதியானவர்களின் நோய், படித்தவர்களின் கவலை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பள்ளிக்கு அனுப்பப்படாதவர்கள் யார், அடுப்புப் புகையில் நின்றவர்கள் யார், கணவர் போன பிறகு தனியாக இருப்பவர்கள் யார் என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

இப்போது அந்த ஸ்கூட்டிப் பெண்ணிடம் வருகிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது, அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசியல் கூட்டங்களில் இதைப் பற்றிப் பெருமையாகவும் குறையாகவும் பேசப்படுவதை எல்லாம் கேட்டிருக்கிறேன். எவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: உங்கள் தன்னார்வலர்கள் தங்களுக்கே தெரியாமல் மறதிநோயைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீனாவின் 326 கிராமங்களில், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் இருந்த, நாற்பது வயதைக் கடந்த சுமார் 34,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான கவனிப்பு. மறுபாதியில், மருத்துவப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்கள், மேலே இருக்கும் மருத்துவர்களின் வழிகாட்டுதலோடு, ஊரளவில் மாத்திரையைத் தொடங்கி, அளவைக் கூட்டிக் குறைத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவாக இருந்தது. 2025இல் வெளியான முடிவு இது. புதிய மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை. இரத்த அழுத்தக் கருவியும் விலை மலிவான மாத்திரையும் விடாமல் பின்தொடரும் ஓர் ஆளும்தான். நம்மிடம் இருக்கும் ஏற்பாட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் உள்ள வேறோர் ஆய்வை நான் படித்ததில்லை. நம் தன்னார்வலர்கள் மாத்திரையைத் தொடங்குவதோ மாற்றுவதோ இல்லை, அது மருத்துவர் வேலை. ஆனால் வாசல் வரை போகும் ஆள் கிடைப்பதுதான் எல்லா நாட்டிலும் கஷ்டமான பகுதி. அது நமக்குக் கிடைத்துவிட்டது.

அந்த ஆள் வந்து நிற்கும் பத்து நிமிடத்தில் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

2024ஆம் ஆண்டுக் கணக்கில் பதினான்கு காரணங்களில் முதலிடத்தில் இருப்பவை இரண்டு, மொத்த டிமென்ஷியாவில் ஒவ்வொன்றின் பங்கும் 7 சதவீதம். ஒன்று நடுவயதில் மிகும் கெட்ட கொழுப்பு, மற்றது காது கேளாமை. கொழுப்புக்கு ஆய்வகம் வேண்டும். காதுக்கு முதல் சோதனையாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் கைநீளத் தொலைவில் நின்று, மறு காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுத்தால் போதும். "ஏழு, நான்கு, ஒன்பது." திருப்பிச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். வாயைப் பார்க்க விடக்கூடாது. தறிக்காரர்கள் வாயசைவைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் அதிகாரிகளில் விவரம் தெரிந்த ஒருவர் இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். காதுக்கருவி மாட்டினால் மறதிநோய் வராது என்று எவரும் உறுதி தர முடியாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. ஆனால் அவர்களில் ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள பிரிவினருக்கு, அதாவது வயது கூடியவர்களும் படிப்பும் வருமானமும் குறைந்தவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதிகமிருந்த பிரிவுக்கு, நினைவாற்றல் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. மாதந்தோறும் உங்கள் பட்டியலில் மாத்திரை வாங்குபவர்கள் எந்தப் பிரிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று என்னோடு பணியாற்றிய ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். பாதிச் சொல் மட்டுமே வந்து சேர்ந்தால், மீதியை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிறது. நினைவில் வைத்துக்கொள்ள மிச்சம் இல்லை. ஒலியைக் கேட்டு உணரும் மூளைப் பகுதிக்குத் தீனி குறைகிறது, இது இரண்டாவது. மூன்றாவது காரணத்தை விளக்க எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை, அந்தப் பேக்கரி பெஞ்சே போதும். காது போனவர் பேச்சை விடுகிறார், பேச்சை விட்டவர் ஆட்களை விடுகிறார், பிறகு கட்டிலில் உட்கார்ந்து மனம் சோர்கிறார். தனிமைக்கு மட்டும் அந்தப் பட்டியலில் 5 சதவீதம்.

நம் மாநிலத்தில் கண்ணுக்கு நடந்தது காதுக்கு ஏன் நடக்கவில்லை? கண்புரை அறுவைச் சிகிச்சை முகாமுக்குச் சுவரொட்டி இல்லாத பேருந்து நிலையத்தை நான் பார்த்ததில்லை. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண் சிகிச்சை என்றாலே ஊரூராக முகாம் என்ற நினைப்பைத் தமிழர்களிடம் பதித்துவிட்டது. கண்ணாடி போட்ட தாத்தாவைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கும் நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் உட்காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. இடையில் விடுபட்டவர்கள் நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருப்பவர்கள். அவர்களுக்குத் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளும் டமாரச் செவிடு என்ற பட்டமும் கிடைக்கின்றன.

கருவி கொடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கே ஒரு முகாமில் கொடுத்தார்கள். சட்டைப்பையில் வைக்கும் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். ஊரில் அதைக் காது மிஷின் என்பார்கள். வரிசையில் நிற்க வைத்து, பெயரைக் கூப்பிட்டு, கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். எப்படித் திருகுவது என்று ஒருவர் அரை நிமிடம் காட்டினார். வீட்டில் மாட்டியதும் மின்விசிறிச் சத்தம், பாத்திரம் விழும் சத்தம், தெருவில் போகும் லாரி எல்லாம் ஒன்றாகப் பெருகி அவர் மண்டைக்குள் இறங்கின. "இதிலும் தறிதான் ஓடுகிறது" என்று கழற்றிவிட்டார். இரண்டாவது வாரம் பேட்டரி தீர்ந்தது. மறுபடி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இன்றும் அது வெற்றிலைப் பெட்டிக்குள், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முகாமின் கணக்கில் அப்பா ஒரு பயனாளி.

பல ஆண்டுகளாகக் கேளாமல் இருந்த காது, ஒலியை மறுபடி பழகச் சில வாரங்கள் ஆகும். அளவைத் திருத்த ஒருவர் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்விலும் கருவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை, செவித்திறன் வல்லுநர் திரும்பத் திரும்பப் பார்த்தார். எனவே நான் கேட்பது ஆயிரம் கருவிகளை இல்லை. நூறு கொடுங்கள், ஆனால் மாத்திரைப் பையிலேயே பேட்டரியும் வரட்டும். மூன்று மாதம் கழித்து, "போடுகிறீர்களா, கழற்றி வைத்துவிட்டீர்களா" என்ற ஒரு கேள்வியும் அட்டையில் இருக்கட்டும். பலருக்குக் கருவியே தேவைப்படாது. காதில் குறும்பி (அழுக்கு) இறுகி அடைத்திருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துவிட்டாலே போதும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் நடந்தது. அவர் மருமகள் அன்றிலிருந்து தாழ்ந்த குரலில் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தொடங்குவதானால் தறி ஊர்களில் தொடங்குங்கள். எங்கள் ஊர், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம், சங்கரன்கோவில். எழுபது வயதில் வந்து கேட்காதீர்கள். நாற்பதில் கேளுங்கள், தறியில் நிற்கும்போதே கேளுங்கள். காதடைப்பான் ஒரு டீ, ஒரு பன்னின் விலைக்குள் வரும். முதலாளிகள் வாங்கிக் கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். கொடுத்தாலும் ஆட்கள் போட மாட்டார்கள், தறியின் ஓசை மாறுவதைக் கேட்டுத்தான் பழுதைக் கண்டுபிடிப்போம் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. தொழிலாளர் துறையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் அது. (மதுவைப் பற்றியும் எழுத நினைத்தேன். எழுதினால் இந்தக் கடிதம் வேறொரு துறைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே உறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.)

தனிமைக்கு மருந்துக்கடையில் ஒன்றும் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். அதையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அம்மாவின் வாரத்தில் வெளி ஆட்களோடு பேசும் நேரங்களை எண்ணினால், அடுத்த வீட்டு அம்மா (தேவாங்கர் என்ற நெசவாளர் சமூகம்), கோயில் அன்னதான வரிசை, ரேஷன் கடை, மாதத்துக்கொரு முறை உங்கள் தன்னார்வலர். அடுத்த வீட்டு அம்மாவுடன் அம்மா பேசுவது பாதிக் கன்னடம், பாதித் தமிழ். ஹைதராபாத்தில் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத்தான் தொடங்கியது என்றது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. அம்மா பேசுவதைக் கன்னடம் என்று கன்னடக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களானால் எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் அந்தப் பேச்சும் இப்போது குறைந்துவருகிறது. போன ஆண்டு வரை மாலையில் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். இப்போது அந்த அம்மா பேசுகிறார், என் அம்மா சிரிக்கிறார்.

சென்னை கிண்டியில் 2024இல் 200 படுக்கைகளோடு முதியோர் மருத்துவமனை திறக்கப்பட்டது நல்ல செய்தி. எங்கள் தெருவிலிருந்து அங்கே போக ஒரு இரவுப் பயணம். அந்த மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை வருவதற்கு முன்னால் உள்ள முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தன்னார்வலர்களுக்கு இன்னும் ஒரு வேலையைச் சுமத்துகிறேன் என்ற குற்றவுணர்வும் எனக்கு இருக்கிறது. அவர்கள் வாங்கும் தொகையில் பெட்ரோலுக்கே எவ்வளவு போகிறது என்று எங்கள் வாசலுக்கு வரும் பெண் சொல்லியிருக்கிறார். கேள்வி கூடினால் தொகையும் கூட வேண்டும். அவர்கள் கையில் இருப்பது மறதிநோய்த் தடுப்பு மாத்திரையும்தான் என்று அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் அவர்களிடம் சொல்லுங்கள். மாத்திரையை இடையிடையே விட்டுச் சாப்பிடும் ஆட்களிடம் பேச அவர்களுக்கு அது ஒரு நல்ல ஆயுதம். "மாரடைப்பு வரும்" என்றால் எங்கள் ஊர்க் கிழவிகள் "வந்தால் ஒரேயடியாகப் போய்விடுவேன்" என்பார்கள். "பேத்தி பெயர் மறந்துபோகும்" என்றால் மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

அரசின் பதிலுக்காகக் காத்திருக்காமல் எங்கள் வாசலில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். கிசுகிசுத்துப் பார்த்ததில் அம்மாவுக்கு வலது காது பரவாயில்லை, இடதுதான் மோசம். வழக்கமாகத் தன்னார்வலர் உட்காரும் நாற்காலி இடப்பக்கம் இருந்தது. அதை வலப்பக்கம் மாற்றிப் போட்டேன். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசும்படியும், சொன்னதைத் திருப்பிக் கேட்கும்படியும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். போன மாதம் அவர் அப்படியே உட்கார்ந்து, "ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா, ஆத்தா?" என்று கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு கணம் யோசித்து, "சாப்பிட்ட பின்பு" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்